பச்சோந்தியின் இல்லம்

புதுக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் காலைப்பொழுதில் நடந்து செல்வோர், சாலையின் இரு மருங்கும் அமைந்த வேலிகளைக் காண்பர். கிளுவையும் காரையும் கள்ளியும் நெருங்கி நிற்க, கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் அவற்றின்மேல் படர்ந்திருக்கும். அவ்வேலியைச் சற்றே நின்று உற்று நோக்கினால், இலைகளுக்கிடையே இலைபோலவே தோன்றும் ஓர் உயிர் நம் கண்ணுக்குப் புலனாகும். ஒரு காலை எடுத்து, வைக்கலாமா வேண்டாவா என எண்ணுவதுபோல் அசைந்து அசைந்து, அது கிளைமேல் அடி பெயர்க்கும். அதுவே பச்சோந்தி.

ஓந்தி என்பது பழந்தமிழ்ச் சொல். ஓதி என்னும் வடிவிலும் இஃது வழங்கியது. வழிச்செல்வோர் இவ்வகை உயிரைக் கண்டு நிமித்தம் பார்த்த செய்தியைக் குறுந்தொகையில் காண்கிறோம். பச்சை என்னும் சொல்லின் ஈற்று ஐகாரம் கெட்டு, ஓந்தி என்பதனோடு புணர்ந்து பச்சோந்தி ஆயிற்று. கழுத்துச் சிவக்க வேலிமேல் தலையசைக்கும் ஓணானையே பலர் பச்சோந்தி என மயங்குவர். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. ஓணான் விரைந்தோடும், பச்சோந்திக்கு ஓடத் தெரியாது. உலகில் 200க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாசுகர் தீவில் வாழ்வன. நம் இந்திய நாட்டில் வாழ்வது ஓரினமே. 1768ஆம் ஆண்டில் இலாரென்டி என்னும் அறிஞர் இலங்கையின் பெயரால் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். இலங்கையிலும் தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இது வாழ்கிறது.

மாணவர்களே! இவ்வுயிருக்கு யான் இழைத்த பிழை ஒன்றை முதற்கண் கூறிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் யான் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஒருநாள் என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தோட்டத்து வேலியிலிருந்து ஒரு பச்சோந்தியைக் கிளையோடு முறித்துக் கொண்டுவந்தான். அவன் ஆர்வத்தைப் பாராட்டி, பள்ளியில் நிகழவிருந்த கண்காட்சியில் அதனை வைக்கலாம் என இசைந்தேன். முன்பு மீன் வளர்த்த கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் ஒரு கிளையை நட்டோம். கிண்ணத்தில் நீர் வைத்தோம். வெட்டுக்கிளிகளைப் பிடித்து இட்டோம். பலகையால் மூடி, வெயில் படும் சாளரத்தருகே வைத்தோம். மாணவர்கள் செந்துணியும் நீலத்துணியும் அதன் பின்னே பிடித்து, நிறம் மாறுகிறதா என்று நாள்தோறும் பார்த்து மகிழ்ந்தனர். பதினோராம் நாள் காலையில் அது கண்மூடிக் கிடந்தது.

அம்மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, நீர் வைத்தோம், இரை வைத்தோம், வெயிலும் காட்டினோமே! ஏன் இறந்தது?” என்று கேட்டான். யான் விடை கூற இயலாது நின்றேன். இலக்கணத்தில் எவ்வினாவுக்கும் விடையளிக்க வல்லவன் எனச் செருக்குற்றிருந்த எனக்கு, அச்சிறுவனின் வினா ஒரு பாடமாயிற்று. பின்னர் நூல்களைப் பயின்றும் அறிந்தோரை வினவியும் யான் தெரிந்துகொண்ட விடையே இக்கட்டுரை.

ஓர் உயிருக்கு இல்லம் அமைக்க விரும்புவோர், அதன் உடலமைப்பை முதலில் அறிதல் வேண்டும். எவ்வுறுப்பு எதற்காக அமைந்தது என அறிந்தால், எவ்விடம் அதற்குப் பொருந்தும் என்பது தானே விளங்கும்.

பச்சோந்தியின் ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள் உள்ளன. அவை இரண்டும் மூன்றுமாக இரு பிரிவாய் இணைந்து, குறடுபோல் கிளையைப் பற்றுகின்றன. வாலும் சுருண்டு ஐந்தாம் கைபோல் பற்றிக்கொள்ளும். பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளரும். பச்சோந்தியின் வாலோ அறுந்தால் வளர்வதில்லை. இவ்வுறுப்புகள் எல்லாம் மெல்லிய கிளைகளில் ஏறி வாழ்வதற்கே அமைந்தவை. ஆதலின் இதற்கு வேண்டுவது அகன்ற தரையன்று. உயரமும் கிளைகளுமே ஆகும். அச்சமுற்றால் மேலே ஏறிச் செல்வது இதன் இயல்பு. எம் பெட்டியிலோ ஏறுவதற்கு ஒன்றரை அடி உயரந்தானும் இல்லை. காண வந்தோர் எல்லாரும் அதற்கு மேலே நின்று குனிந்து நோக்கினர். மேலிருந்து நோக்கும் முகம் அதற்குப் பருந்தின் முகமாகவே தோன்றியிருக்கும்.

இதன் கண்கள் இரண்டும் தனித்தனியே திரும்ப வல்லன. ஒரு கண் முன்னே பார்க்க, மற்றொரு கண் பின்னே பார்க்கும். இரையைக் கண்டால் இரு கண்களும் ஒருங்கே அதன்மேல் குவியும். மறுகணமே நாக்குப் பாய்ந்து இரையைப் பற்றும். அந்நாக்கு உடலின் நீளத்துக்கும் மேலாக நீளவல்லது. இத்துணைக் கூரிய பார்வையுடைய உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்தால் நிகழ்வது யாது? தன் உருவத்தையே கண்ணாடியில் கண்டு, பகை ஒன்று எதிரே நிற்பதாக அது கருதும். பச்சோந்தி தனித்து வாழும் இயல்பினது. தன்னினத்தைக் கண்டாலும் சினந்து உடலைப் பருக்கச் செய்து சீறும். ஓடவும் இயலாமல், ஒளியவும் இடமின்றி, பகலெல்லாம் தன் நிழலோடு போரிட்டது அவ்வுயிர் என்பதை எண்ணுந்தோறும் இன்றும் என் உள்ளம் வருந்துகிறது.

கிண்ணத்தில் வைத்த நீரை அது ஏன் பருகவில்லை? இலைகளில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிப் பருகுவதே இதன் வழக்கம். அசையாது நிற்கும் நீரைப் பெரும்பாலும் இது நீரென்றே அறிவதில்லை. நீர் நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே அது நீர்வேட்கையால் வாடியது.

வெயிலைப் பற்றியும் யாம் பிழைபடவே எண்ணினோம். கதிரவன் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உள்ளன. அவை தோலில் படும்போதுதான் வைட்டமின் டி உடலில் உண்டாகும். அது குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பைச் சென்று சேராது. சாளரக் கண்ணாடியோ இப்பயனைத் தரும் கதிர்களைப் பெரிதும் தடுத்துவிட்டு, வெப்பத்தை மட்டும் உள்ளே விடுகிறது. ஆகவே வெயிலின் நன்மை வெளியே நின்றது. தீமை உள்ளே புகுந்தது. மேலும் பலகையால் மூடிய பெட்டியில் காற்று தேங்கிப் புழுங்கியது. தேங்கிய ஈரக்காற்று இவ்வுயிருக்கு மூச்சுறுப்பு நோயைத் தரும்.

நிறமாற்றம் பற்றியும் ஒரு சொல். துணியின் நிறத்துக்கு ஏற்பப் பச்சோந்தி நிறம் மாறும் என்று பலரும் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. சினம், அச்சம், வெப்பம், குளிர் ஆகியவற்றுக்கு ஏற்பவே அதன் நிறம் மாறுகிறது. மடகாசுகர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த செனீவாப் பல்கலைக்கழக அறிஞர்கள், 2015ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். அதன் தோலின் உயிரணுக்களில் மிக நுண்ணிய பளிங்குத் துகள்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அமைதியாக இருக்கும்போது அவ்வடுக்கு நெருங்கி நீல ஒளியை எதிரொளிக்கும்; தோலிலுள்ள மஞ்சள் நிறத்தோடு அது கலந்து பச்சையாகத் தோன்றும். உணர்ச்சி மிகும்போது துகள்களின் இடைவெளி விரிந்து, மஞ்சளும் சிவப்பும் தோன்றும். ஆகவே எம் பெட்டியில் அது காட்டிய நிறங்கள் விளையாட்டல்ல, முறையீடு. யாம் அதனைப் படிக்கத் தெரியாதவராய்க் கைகொட்டி மகிழ்ந்தோம்.

இனி, இவ்வுயிர் நலமாக வாழத்தக்க கூடு எவ்வாறு அமைதல் வேண்டும் எனக் காண்போம். உயிரியல் பூங்காக்களிலும், பச்சோந்தி வளர்ப்பைச் சட்டம் இசையும் அயல்நாடுகளிலும் பட்டறிவு வாய்ந்தோர் கைக்கொள்ளும் முறை இது.

கூடு நாற்புறமும் வலையால் ஆனதாய், காற்று உலவ இடந்தருவதாய் இருத்தல் வேண்டும். வளர்ந்த ஒரு பச்சோந்திக்கு இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் நான்கடி உயரமும் குறைந்த அளவாகக் கொள்வர்; அதனினும் பெரிதாய், ஓர் அறையளவு அமைத்தல் மிகச் சிறப்பு. வலையின் கண்கள் சிறியனவாகவும், கம்பி முனைகள் வெளியே நீட்டாதனவாகவும் இருத்தல் வேண்டும். இன்றேல் நகமும் நாவும் புண்படும். கூட்டைத் தரையில் வைக்காது மேடைமேல் நிறுத்துவர். அப்போது கிளையின் உச்சியில் அமரும் பச்சோந்தி, காண்போரின் கண்ணுக்கு மேலே இருக்கும். உள்ளே உயிருள்ள செடிகளையும், விரல் பருமனுள்ள கிளைகளையும் நெடுக்கும் குறுக்குமாக அமைப்பர். ஒரு மூலையில் வெயிலும் மற்றொரு மூலையில் அடர்ந்த நிழலும் வேண்டும். இவ்வுயிரின் குருதி நம் குருதிபோல் ஒரே வெப்பநிலையில் நிற்பதன்று. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்றே அது தன் உடல்வெப்பத்தைச் சீர்செய்துகொள்ளும்.

நீருக்கு ஒரு நல்ல முறை உண்டு. சிவன் கோயிலில் இலிங்கத் திருமேனியின்மேல் தொங்கும் தாராபாத்திரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோல் சிறுதுளையுள்ள கலம் ஒன்றைக் கூட்டின் மேல் தொங்கவிட்டால், நீர் துளித்துளியாக இலைகளில் விழும். பச்சோந்தி வந்து நக்கிப் பருகும். விழுந்த நீர் தேங்காது வடிந்து செல்லவும் வழி வேண்டும். உணவாக இடும் பூச்சிகளுக்கு முதலில் நல்ல கீரைகளை ஊட்டி, பின்னர்ச் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவி இடுவர். உண்ணாது எஞ்சிய பூச்சிகளை மாலையில் நீக்கிவிடுதல் வேண்டும். உறங்கும் பச்சோந்தியைச் சில பூச்சிகள் கடித்துப் புண்படுத்தும்.

பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டி, பத்து முதல் முப்பது வரை முட்டையிட்டு மூடும். அவை பல மாதங்கள் கழித்தே பொரியும். ஆதலின் முட்டையிடும் பருவத்தில் ஓரடி ஆழத்துக்குச் சற்றே ஈரமுள்ள மண்ணை வைத்தல் வேண்டும். தோண்ட இடம் காணாத தாய், முட்டைகளை வயிற்றிலேயே தாங்கி மாண்டுபோதலும் உண்டு. ஒரு கூட்டில் ஒன்றையே வைத்தல் வேண்டும். அடுத்த கூட்டிலுள்ளது கண்ணில் படாதவாறு மறைப்பும் வேண்டும். கதவை மூடுமுன் வாலைப் பார்த்து மூடுதல் வேண்டும். எச்சத்தை நாள்தோறும் நீக்கி, வலையில் கிழிசல் உண்டா என ஆராய்தலும் வேண்டும்.

வலையின் கிழிசலை அத்துணைக் கருத்தாக நோக்குவது ஏன்? தப்பிய உயிர் இறந்துபடும் என்னும் அச்சம் ஒன்று. தப்பிய உயிர் பெருகிவிடும் என்னும் அச்சம் மற்றொன்று. அவாய்த் தீவுகளில் இயற்கையாகப் பச்சோந்திகள் இல்லை. 1972ஆம் ஆண்டில் கென்யா நாட்டுப் பச்சோந்திகள் சில அங்கே விற்பனைக்கு வந்தன. பயணத்தால் மெலிந்த அவை தேறட்டும் என்று அவற்றைத் தோட்டத்தில் விட்டனர். அவை தேறியதோடு நில்லாது, வேலி கடந்து பரவின. இன்று அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று வாழ்கின்றன. இரக்கத்தால் செய்த செயலும் அறிவோடு கூடாதபோது கேடாய் முடியும் என்பதற்கு இது சான்று.

இத்துணையும் அறிந்தபின், “ஐயா, நாங்களும் அவ்வாறே கூடு செய்து நம் பச்சோந்தியை வளர்க்கலாமா?” என நீங்கள் வினவலாம். கூடாது என்பதே விடை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் பச்சோந்தியைக் காக்கிறது. அதனைப் பிடித்தலும் அடைத்தலும் விற்றலும் குற்றமாகும். யான் பெட்டியில் அடைத்ததும் குற்றமே. சட்டத்தை அறியாமை அதற்கு மறுமொழி ஆகாது. அயல்நாட்டுப் பச்சோந்திகளுள் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அடங்கியவற்றை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதிக்கிறது.

ஆயினும் சோர்வடைய வேண்டா. மேலே கூறிய கூட்டின் இலக்கணங்களை ஒருமுறை மனத்தில் எண்ணிப் பாருங்கள். உயரம், மெல்லிய கிளை, தடையற்ற காற்று, வெயிலும் நிழலும், துளித்துளியாய் வடியும் நீர், பூச்சி, அடியில் நெகிழ்ந்த மண், தனித்திருக்க மறைவிடம். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த ஓரிடம் நம் ஊரிலேயே உள்ளதன்றோ? அதுவே உயிர்வேலி. காரையின் முள்ளே அதற்குப் பூட்டு. கோவையின் கொடியே அதற்கு வலை. மார்கழிப் பனியே அதற்குத் தாராபாத்திரம். பருந்துக்கும் பூனைக்கும் எட்டாத அம்முட்புதரினும் பாதுகாப்பான கூட்டை எத்தச்சனால் செய்ய இயலும்? நாம் அமைக்க வேண்டிய பெருங்கூடு அதுவே. நாம் பேண வேண்டியதும் அதுவே.

நம் முன்னோர் இதனினும் பெரிய கூடுகளையும் விட்டுச் சென்றனர். அவை கோயிற்காடுகள். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் அய்யனார்க்கு உரிய காடுகள் உள்ளன. அவற்றில் விறகு வெட்டுதலும் வேட்டையாடுதலும் தகாத செயல்களாகக் கருதப்பட்டன. குளமங்கலத்தில் வானளாவிய குதிரைச் சிலையோடு விளங்கும் கோயிலின் இறைவனுக்குப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் என்பது பெயர். காரை என்னும் எளிய முட்செடி அப்பெயரில் இடம்பெற்றிருத்தலைக் காண்க. வீரையும் காசாவும் உசிலும் நிற்கும் அத்தகைய காடுகள் இன்று சுருங்கிவருகின்றன. பரந்த நிலப்பரப்பில் தைலமரத் தோப்புகள் எழுந்துள்ளன. ஒரே வகை மரம் வரிசையாக நிற்கும் இடத்தில் கொடியும் புதரும் செறிவதில்லை. உயிர்வேலிகளைக் களைந்து கம்பிவேலி இடுவோரும் பெருகிவிட்டனர். கம்பிவேலி மாட்டைத் தடுக்கும். ஆனால் எவ்வுயிரையும் தாங்காது.

உயிர்வேலியைப் பேணும் முறை எளிது. மழை தொடங்கியபின் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருங்க நட்டால் அவை தழைக்கும். வேலியைக் கழிக்கும்போது முழுவதையும் ஒரே காலத்தில் கழிக்காமல், ஒரு பாதியை இவ்வாண்டும் மறுபாதியை அடுத்த ஆண்டும் கழித்தல் நன்று; அப்போது உயிர்கள் ஒதுங்க இடமிருக்கும். முட்டைகள் நெடுநாள் மண்ணில் கிடப்பன ஆதலின், வேலியடியை ஆழக் கொத்துதல் ஆகாது. சருகுக்குத் தீ மூட்டுதலும், வேலியின்மேல் பூச்சிக்கொல்லி தெளித்தலும் கூடா. பூச்சி அற்ற வேலியில் பச்சோந்திக்கு உணவேது? அது பூச்சிகளை உண்டு உழவருக்குத் துணைபுரிவதையும் மறத்தலாகாது.

சாலையைக் கடக்கும் பச்சோந்தி ஊர்திகளின்கீழ்ப் பட்டு மாள்வது மிகுதி. அவ்வாறு கடப்பதைக் கண்டால், பெரியோர் துணையோடு, சாலையில் இடர் இல்லாதபோது ஒரு குச்சியை அதன் முன்னே நீட்டுக. அது தானே குச்சியைப் பற்றி ஏறும். அது நோக்கிச் சென்ற பக்கத்து வேலியிலேயே விட்டுவிடுக. அதற்கு நஞ்சில்லை, அஞ்ச வேண்டா. கல்லெறியும் சிறுவரைக் கண்டால் தடுத்து இதனைக் கூறுக.

அன்று என்னை வினவிய மாணவர் இன்று தென்னையும் பலாவும் வளர்க்கும் ஓர் உழவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கசாப் புயலில் அவர் தோட்டத்து மரங்களோடு வேலியும் சாய்ந்தது. அக்கம்பக்கத்தார் கம்பி கட்டினர். அவரோ கிளுவைப் போத்து நட்டார். சில ஆண்டுகள் கழித்து யான் அங்குச் சென்றபோது, என்னை வேலியோரம் அழைத்துச் சென்று, பேசாமல் ஒரு கிளையைச் சுட்டிக் காட்டினார். இளவெயிலில் ஒரு பச்சோந்தி அமர்ந்திருந்தது. அதன் ஒரு கண் எம்மை நோக்கியது. மற்றொரு கண் இலைமேல் இருந்த பூச்சியை நோக்கியது. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, இருவரும் ஓசைபடாது திரும்பினோம்.

உயிரைக் காண விழைவோர் அதனைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவருதல் வேண்டா. அதன் இல்லத்துக்குத் தாம் செல்லுதலே முறை. அவ்வில்லம் நம் ஊர் வேலியில் நிலைத்திருக்குமாறு காப்பது, மாணவர்களே, உங்கள் கடமையாகும்.